அடுப்பேறாத கச்சம்பர்

ராமானுஜம் ஐயங்கார் பொய் சொல்ல மாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் சங்கதிகளைப் படித்துவிட்டு அவரைப் பொய்யர் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. பொய் சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ஐயங்கார் சட்டத்தை வளைப்பார், சாஸ்திரத்தை வளைப்பார், வக்கீலைக் கண்டால் முதுகையும் வளைப்பார். பொய் மட்டும் அவர் வாயில் வராது.

மயிலாப்பூர் லஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வக்கீலிடம் அவர் தலைமைக் குமாஸ்தா. நான் அவருக்குக் கீழே இருந்தேன். முப்பத்தொன்று, முப்பத்திரண்டாம் வருஷத்துக் கதை இது. வக்கீல் கோர்ட்டில் சட்டம் பேசுவார்; ஐயங்கார் ஆபீசில் ஆசாரம் பேசுவார். இரண்டில் எது நீளம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வீட்டிலிருந்து கூஜாவில் கொண்டு வந்த தண்ணீரைத்தான் குடிப்பார். என் மேஜைக்கும் அவர் மேஜைக்கும் நடுவில் ஒரு நாற்காலியை எப்போதும் காலியாக வைத்திருப்பார். அந்த நாற்காலி எதற்கு என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லியிருப்பார் என்பதுதான் பயம்.

சித்திரக்குளத்துப் பக்கம் அவர் வீடு. அங்கே சமைத்த சாதம் என்றால் பத்து, தொட்டால் கையலம்ப வேண்டும். சாதத்தைத் தொட்ட கையால் மோர்ச் சட்டியைத் தொட்டால் அன்றைக்குப் பிரளயம். வெங்காயம் கிடையாது, பூண்டின் பெயரைச் சொல்லக்கூடாது. சீமைத் தக்காளி அப்போதுதான் தண்ணித்துறை மார்க்கெட்டில் கூடை கூடையாக வந்து இறங்க ஆரம்பித்திருந்தது. அதை அறுத்தால் உள்ளே இருக்கும் சிவப்பைப் பார்த்துவிட்டு அவர் மனைவி ரங்கநாயகி அம்மாள், இது காய்தானா, இல்லை வேறு ஏதாவதா என்று கேட்டு வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாளாம். இதையும் ஐயங்கார்தான் ஆபீசில் பெருமையாகச் சொன்னார்.

இப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கச்சேரி ரோட்டில் மசூதிக்குப் பின்னால் உள்ள ஒரு வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து, சீமைத் தக்காளியும் பச்சை வெங்காயமும் கலந்த கச்சம்பரை இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வீடு அப்துல் கய்யூம் பாயுடையது. அவர் புத்தகம் பைண்டு செய்கிறவர். மயிலாப்பூர் வக்கீல்களின் சட்டப் புத்தகங்களுக்கெல்லாம் தோல் சட்டை போட்டவர் அவர்தான். முன்பக்கம் கடை, பின்னால் குடித்தனம். ஒருநாள் நாங்கள் இரண்டு பேரும் கிழிந்த புத்தகங்களை எடுத்துக்கொண்டு போனபோது பாய் பின்னறையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். தட்டில் கச்சம்பர். எலுமிச்சையும் கொத்தமல்லியும் சேர்ந்து அடித்த வாசனையில் எனக்கே வாயூறிற்று. ஐயங்கார் வேண்டாம் என்றுதான் சொல்வார் என்ற தைரியத்தில் பாய் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னார்.

“சாமி, இன்னா பாக்கறீங்க? கொஞ்சம் எடுத்துக்கறீங்களா?”

ஐயங்கார் தட்டையே பார்த்தார். “இது அடுப்புல வெச்சதோ?” என்றார்.

“இல்ல சாமி. எல்லாம் பச்சை. அரிஞ்சு கலக்கறதுதான்.”

“அப்படின்னா பழம்னு சொல்லும்.”

பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஐயங்காருடையது வக்கீல் ஆபீசில் வளர்ந்த மூளை அல்லவா, அங்கேயே வாதம் தயாராகிவிட்டது. அடுப்பேறினால்தான் பத்து. அடுப்பேறாதது கனி வர்க்கம். கனியை யார் கையிலிருந்தும் வாங்கலாம். வெங்காயம் என்ன செய்வது என்று நான் கேட்டேன். “அது கிழங்குடா கோதண்டம். ரிஷிகள் காட்டுல என்ன சாப்பிட்டா? கந்தமூலம்தானே?” என்றார். தபஸ் பண்ணுகிறவர் மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு முதல் வாயைப் போட்டார். அப்புறம் கண்ணைத் திறக்கவே இல்லை.

அன்றிலிருந்து அது ஒரு வைதிக காரியம் மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் போவோம். தக்காளியை ஐயங்கார் தன் கையாலேயே கிணற்றடியில் அலம்புவார். கத்தி புதுசு, பாய் தோலும் அட்டையும் வெட்டும் கத்தி அதன் பக்கத்தில் வரக்கூடாது. இலை அவர் கொண்டு வருவார். உப்பைக்கூட வீட்டிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். உப்புப் பட்டுவிட்டால் பண்டத்தின் ஜாதியே மாறிவிடும் என்பது அவர் கட்சி. அதனால் உப்பில்லாமல் கலந்து இலையில் வைக்க வேண்டும், அதன்மேல் அவர் தூவிக்கொள்வார்.

பாய் இதற்கெல்லாம் சிரித்ததில்லை. தரையில் பலகையைப் போட்டுக்கொண்டு அரிய உட்கார்ந்தால் பார்க்க வேண்டும். ரொம்பப் பழுக்காமல், விரல் பட்டால் லேசாக இசையும் தக்காளியாகப் பொறுக்குவார். குறுக்கே வெட்டி, விதையையும் சாற்றையும் கொஞ்சம் பிழிந்துவிட்டு, புத்தக ஓரம் சீவுகிற மாதிரி ஒரே அளவாக நறுக்குவார். வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து தண்ணீரில் ஒரு தடவை கசக்கிக் காரத்தை எடுப்பார். பச்சை மிளகாய், கொத்தமல்லி, நாலு புதினா இலை. கடைசியில் எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையில் பிழிவார்; விதை விரலிடுக்கில் நிற்க, சாறு மட்டும் கிண்ணத்தில் இறங்கும். விரலால் ஒரு கலக்கு. அவ்வளவுதான் வேலை. ரொட்டியோ சோறோ எங்கள் இருவருக்கும் வரும். ஐயங்காருக்கு வெறும் ‘பழம்’ மட்டும். அந்தப் பழத்தை அவர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிடுவார்.

அறையின் நடுவாசலில் ஒரு படுதா. அதற்குப் பின்னால் பாயின் சம்சாரம் ஜமீலுன்னிசா. அந்த அம்மாள் எங்கள் எதிரில் வந்ததில்லை. ஆனால் படுதாவுக்குப் பின்னாலிருந்து, “சாமிக்கு இன்னும் கொஞ்சம் வைங்க, எலையைப் பாத்துக்கினே கீறாரு” என்று குரல் மட்டும் வரும்.

வீட்டுக்குப் போகுமுன் ஐயங்கார் கிராம்பை மென்றுகொண்டு குளத்தில் காலலம்பிக்கொள்வார். அப்படியும் ஒருநாள் ரங்கநாயகி அம்மாளுக்கு வெங்காய வாசனை எட்டிவிட்டது. “கோதண்டம் பக்கத்துல உக்காந்துண்டிருந்தான்” என்றாராம். உட்கார்ந்துகொண்டுதான் இருந்தேன். அதில் பொய் ஏது? அதற்கப்புறம் அந்த அம்மாள் என்னைக் கண்டால் மூக்கில் முந்தானையை வைத்துக்கொள்வாள். எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது.

இப்படியே இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கய்யூம் பாயின் மகள் நஸ்ருன்னிசாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை இனாயத், அவன் தகப்பனார் வலியுல்லா சாயபு, பெரியமேட்டில் தோல் மண்டி வைத்திருந்தவர். கொஞ்சம் கனத்த ஆசாமி. பசைச் சட்டியோடு உட்கார்ந்திருக்கும் சம்பந்தியை அவர் பார்க்கிற பார்வையிலேயே ஒரு இளக்காரம் இருக்கும். கல்யாணத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று பேச்சு வந்தபோது கய்யூம் பாய் ஐயங்கார் பெயரைச் சொன்னார். வலியுல்லா சாயபு சிரித்தார்.

“வருவாங்க பாய். எலுமிச்சம்பழம் வாங்கிக்குவாங்க. நேரா கொளத்துக்குப் போயி முழுகுவாங்க. மயிலாப்பூர்ல எனக்குத் தெரியாத ஐயரா?”

“நம்ம சாமி அப்டி இல்ல. என் வூட்ல உக்காந்து கை நனைக்கறவரு.”

“நெசமாவா? அப்போ நம்ம ஜனங்க எதிர ஒரு வாய் சாப்புட சொல்லுங்க, பாக்கலாம்.”

பாய் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மகளைக் கொடுக்கிற இடத்தில் தன் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. வேறு எந்த விதத்திலும் அவரால் அந்த மண்டிக்காரருக்குச் சமமாக நிற்க முடியாது. இவ்வளவு பெரிய மனிதர் என் சிநேகிதர் என்று காட்டினால் போதும் என்று நினைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாய் தயங்கித் தயங்கி ஐயங்காரிடம் விஷயத்தைச் சொன்னார். “பிரியாணிப் பக்கமே வர வேணாம் சாமி. இதே கச்சம்பர்தான். உங்க எலை, உங்க உப்பு. நானே அரியறேன். பந்தல்ல என் பக்கத்துல உக்காந்து ஒரு வாய். எனக்காவ.”

ஐயங்கார் அப்போது மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டிருந்தார். “அதுக்கென்ன பாய், அடுப்பேறாத வஸ்து. இங்க சாப்டா என்ன, பந்தல்ல சாப்டா என்ன? நான் வரேன்” என்றார். படுதாவுக்குப் பின்னால், “சாமி நல்லா இருக்கணும்” என்று சொல்வது கேட்டது.

கல்யாணத்தன்று பக்கத்துச் சந்து முழுக்க அடைத்துப் பந்தல். ஒரு பக்கம் விரிப்பு விரித்துச் சாப்பாடு. தெருவோரமாக எங்களைப் போன்றவர்களுக்கு நாற்காலிகள், சந்தனம், கல்கண்டு, எலுமிச்சம்பழம். நான் முதல் பந்தியிலேயே பிரியாணியில் கை வைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் ஒளிக்க எதுவும் இல்லாததால் எனக்கு எப்போதும் நல்ல பசி.

ஐயங்கார் பளிச்சென்று நாமம் போட்டுக்கொண்டு வந்தார். இலையும் கொண்டுவந்திருந்தார், இடுப்பில் பொட்டலமும் இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் சாப்பிடுகிற எண்ணத்தோடுதான் வந்தார். ஆனால் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எங்கள் வக்கீலின் மோட்டார் வந்து நின்றது. பாய் கொடுத்த பத்திரிகையை மதித்து வக்கீலே வந்துவிட்டார். ஐயங்காருக்கு நாலு நாற்காலி தள்ளி அவரை உட்கார வைத்தார்கள்.

கய்யூம் பாய்க்கு அது தெரியவில்லை. அவர் உள்ளே அரிந்துகொண்டிருந்தார். மகள் கல்யாணத்தன்று, ஜரிகைத் தலைப்பாகையோடு, பலகை போட்டு உட்கார்ந்து தக்காளி அரிந்த தகப்பனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து, ஐயங்கார் எதிரில் ஒரு முக்காலியைப் போட்டு அதில் வைத்தார். வலியுல்லா சாயபுவும் அவர் ஜனங்களும் சுற்றி வந்து நின்றார்கள்.

“சாமி, எலையைப் போடுங்க” என்றார் பாய்.

ஐயங்கார் கிண்ணத்தைப் பார்த்தார். நாலு நாற்காலி தள்ளிப் பார்த்தார். வக்கீலோ இந்தப் பக்கமே திரும்பவில்லை. அவர் கண்ணெல்லாம் பிரியாணி தேக்சாவின் மூடியைத் திறக்கிற இடத்தில் இருந்தது. அது ஐயங்காருக்கு உறைக்கவில்லை. நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“என்ன பாய் இது? எங்காத்துல வெங்காயம் சேக்கறதில்லேன்னு ஊருக்கே தெரியும். பொது இடத்துல இதை என் முன்னாடி கொண்டு வந்து வெக்கலாமோ?”

சொல்லிவிட்டு நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளிக்கொண்டார். கவனியுங்கள், இதிலும் ஒரு பொய் கிடையாது.

வலியுல்லா சாயபு சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் பாயின் முதுகில் தட்டி, “போகுது பாய், உட்டுடுங்க” என்றார். பாய் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் பிரியாணியிலிருந்து கையை எடுத்தேன். எழுந்து போய் ஐயங்காரின் இடுப்புப் பொட்டலத்தைப் பிடுங்கி எல்லார் எதிரிலும் உதறலாம் என்று இருந்தது. எனக்கும் சம்பளம் அதே வக்கீலிடம்தான். மறுபடி சாப்பிட ஆரம்பித்தேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐயங்கார் வரமாட்டார் என்று நினைத்தேன். எனக்கு முன்னாலேயே வந்து கிணற்றடியில் தக்காளி அலம்பிக்கொண்டிருந்தார்.

“கல்யாண சமாசாரத்தை மனசுல வெச்சுக்கப்படாது பாய். வக்கீல் வந்துட்டார். உத்தியோகம் பாருங்கோ” என்றார்.

“அதுக்கென்ன சாமி” என்றார் பாய். வழக்கம்போல அரிந்தார், பிழிந்தார். கிண்ணம் இலைக்குப் போகிற சமயத்தில் படுதாவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏங்க, அந்தக் கிண்ணத்தை இப்படிக் குடுங்க.”

கிண்ணம் உள்ளே போயிற்று. கொஞ்ச நேரத்தில் எண்ணெய் காய்கிற வாசனை. அப்புறம் கடுகு வெடித்தது, காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும் பொரிந்தன, சொய்யென்று ஒரு சத்தம். தாளிப்பைக் கச்சம்பரின் தலையில் கொட்டிவிட்டாள். வளையல் போட்ட ஒரு கை கிண்ணத்தை வெளியே நீட்டியது.

“தாளிச்சுட்டேன். அடுப்பு ஏறிடுச்சுன்னு சாமிகிட்ட சொல்லுங்க.”

ஐயங்கார் விறைத்துப்போனார். ஆனால் அந்த வாசனை இருக்கிறதே, அதைத் தாங்கிக்கொண்டு விறைப்பாக இருக்க அவரால் முடியவில்லை. முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. ஒரு புதுச் சட்டம் உள்ளே உருவாவதை நான் கண்ணால் பார்த்தேன்.

“எண்ணெய்தானே அடுப்புல ஏறித்து? தக்காளி ஏறலையே. தவிர, ஜலம் பட்டு வெந்தாத்தான் பத்து. எண்ணெய்ப் பண்டத்துக்குப் பத்து கிடையாது” என்று சொல்லி இலையை விரித்தார்.

“ரொம்ப சந்தோஷம்” என்றது படுதா. “தோஷம் இல்லைன்னா அந்த எலையைத் தூக்கிக்கினு கடைக்கு வந்து உக்காருங்க சாமி. சம்பந்தி வந்து கீறாரு. அவரு எதிர ஒரு வாய் சாப்புடுங்க. எங்க வூட்டுக்காரரு வாக்கு பொழைக்கட்டும்.”

வலியுல்லா சாயபு மருமகளைக் கொண்டுவந்து விட வந்தவர், முன்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெற்றிலை இடிக்கிற சத்தம் உள்ளே கேட்டது. பத்தடிகூட இல்லை. வக்கீல் இல்லை, மோட்டார் இல்லை. கய்யூம் பாய் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி முகத்தை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்.

ஐயங்கார் உப்பைத் தூவினார். குனிந்த தலை நிமிராமல் இலையைக் காலி செய்தார். இரண்டாம் தடவை கேட்கவில்லை. எழுந்து, குரலைத் தாழ்த்தி, “பாய், பின்பக்கம் வழி இருக்கோ?” என்றார்.

இருந்தது. பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுகளைத் தாண்டிப் போகிற வழி. பாய் கதவைத் திறந்துவிட்டார். ஐயங்கார் பஞ்சகச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோழி எச்சத்தில் கால் வைக்காமல் தாவித் தாவிப் போனார். பாய் பின்னாலிருந்து சொன்னார்:

“சாமி, இனிமே அந்த ரூம்ல காகிதம் அடுக்கப் போறேன். அடுத்த ஞாயித்துக்கிழமலேர்ந்து நாம கடையிலதான் உக்காரணும். ரோட்டைப் பாத்து.”

“பேஷா” என்றார் ஐயங்கார், திரும்பிப் பார்க்காமல்.

பின்னறை நிஜமாகவே காகிதக் கட்டுகளால் நிறைந்துவிட்டது. கச்சம்பர் கடைக்கு வந்தது. பெஞ்சைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, ரோட்டைப் பார்க்கத் தரையில் கோரைப்பாய் விரித்து, போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க நாங்கள் சாப்பிட்டோம். அந்த நேரத்துக்குச் சரியாக ஐயங்கார் எதிர்ச்சாரியில் நடந்து வருவார். சித்திரக்குளத்திலிருந்து எங்கே போவதற்கும் அது வழியில்லை. குடையைக் கடைப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருப்பார். “வாங்க சாமி, எலை போடறேன்” என்று பாய் உரக்கக் கூப்பிடுவார். “ஜோலி இருக்கு பாய்” என்று குடைக்குள்ளிருந்து பதில் வரும், கால் வேகமாகும். வாரா வாரம் இது நடந்தது. பாய் கிண்டலுக்குக் கூப்பிடவில்லை. ஒருநாள் இந்த மனிதர் ரோட்டைத் தாண்டிவிடுவார் என்று அவர் நிஜமாகவே நம்பினார். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறெரிகிறது.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை இனாயத் வந்திருந்தான். மூன்று பேருமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எதிர்ச்சாரியில் குடை வந்தது. பாய் தலையை நிமிர்த்திப் பார்த்தார். கூப்பிடவில்லை. எலுமிச்சம்பழத்தின் இன்னொரு பாதியை எடுத்துப் பிழிய ஆரம்பித்தார்.

குடை நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு, இத்தனை நாளில் முதல் தடவையாக, ரோட்டைத் தாண்டி வந்தது. ஐயங்கார் கடை வாசலில் நின்றார். கண் தட்டில் இருந்தது.

“என்ன பாய், இன்னிக்குக் கூப்பிடலையே?”

“கூப்ட்டா நீங்க ஓடறீங்க சாமி. வெயில்ல எதுக்கு உங்களுக்குக் கஷ்டம்னு உட்டுட்டேன்” என்றார் பாய். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. “ஏதாவது வேலையா வந்தீங்களா?”

ஐயங்கார் இரண்டு பக்கமும் ரோட்டைப் பார்த்தார். ஒரு ஜட்கா போயிற்று. அதற்குப் பின்னால் யாரோ இரண்டு பேர் நாமத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். அவர் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. இனாயத் கல்யாணத்தன்று முகம் மூடப் பூச்சரம் கட்டியிருந்தவன், இவரைப் பார்த்ததில்லை. மரியாதைக்காகக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். “யாரு மாமா இவரு? நீங்க சொல்லுவீங்களே ஒரு சிநேகிதர், அவரா?” என்று கேட்டான்.

பாய் விரலால் கிண்ணத்தை ஒரு கலக்குக் கலக்கினார்.

“இல்லப்பா. பைண்டிங்குக்குப் புஸ்தகம் கொண்டு வரவரு” என்றார்.